விரல் நுழையாத போத்தல்

கெலுபித் தோட்டத்துக் குஞ்சம்மாவுக்கு யாருடைய எச்சிலும் ஆகாது. கட்டின புருஷன் கடித்துவிட்டு நீட்டிய கொய்யாப்பழத்தையே வாங்க மறுத்தவள் அவள். அப்படிப்பட்டவளுடைய தேத்தண்ணீருக்குள் தினமும் காலையில் ஜெயமணி விரலை விட்டாள். சும்மா விட்டாலும் பரவாயில்லை; ஒரு தடவை முக்கி, நக்கிப் பார்த்துவிட்டு, அதே விரலை மறுபடியும் முக்குவாள். இதற்குப் பெயர் சோதனையாம்.

மலாயாவில் அது டாரூராட் காலம். அரசாங்கக் காகிதத்தில் அவசரகாலம் என்று எழுதினார்கள். சனங்கள் மலாய்க்காரர்களைப் போல டாரூராட் என்றே சொன்னார்கள். புலாவ் செபாங் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து மைல் உள்ளே இருந்த கெலுபித் தோட்டத்தைச் சுற்றி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் முள்கம்பி போட்டார்கள். ஆட்கள் குடியிருந்த லயங்கள் எல்லாம் கம்பிக்கு உள்ளே, ரப்பர் மரங்கள் எல்லாம் கம்பிக்கு வெளியே. காட்டில் துப்பாக்கியோடு பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குத் தோட்டத்து ஆட்கள் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, கம்பியைத் தாண்டி ஒரு பருக்கைகூடப் போகக்கூடாது என்று சட்டம். அரிசி கூடாது, ரொட்டி கூடாது, கருவாடு கூடாது, சீனி கூடாது, டின் பால் கூடாது. காலை ஆறு மணிக்குப் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் மதியம் இரண்டு மணிக்குத் திரும்பும்வரை வயிற்றில் ஊற்றிக்கொள்ள ஒன்றே ஒன்றுக்குத்தான் அனுமதி. அது தே ஓ கோசோங். பாலும் இல்லாத, சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணீர். அதிலும் சீனியைக் கரைத்து எடுத்துப் போகிறார்களா என்று கேட்டில் நக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

ஆண்களைச் சோதிக்கப் போலீஸ் இருந்தது. பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமே, அந்த வேலையைத் துரை ஜெயமணிக்குக் கொடுத்தார். அவள் புருஷன் தங்கையா ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தவன். தோட்டத்து ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு புலாவ் செபாங்குக்குப் போகும் லோரியின் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்து காவல் போவான். ஒரு செவ்வாய்க்கிழமை மூங்கில் வளைவில் லோரியை மடக்கிச் சுட்டார்கள். தங்கையா அங்கேயே போய்விட்டான். அந்த லோரியில் தினமும் கிளினராகப் போகிறவன் காளிமுத்து. அன்றைக்குப் பார்த்து அவன் வயிற்றுவலி என்று லயத்தில் படுத்திருந்தான். அந்தக் காளிமுத்துதான் குஞ்சம்மாவின் புருஷன்.

லோரி புறப்படும் நேரத்தைத் தினமும் மாற்றுவார்கள். முதல் நாள் சாயங்காலம் டிரைவருக்கும் கிளினருக்கும் மட்டும்தான் சொல்வார்கள். அது போதாதா? ஒரு வாரத்துக்குள் காளிமுத்துவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. தடுப்பு முகாமில் போட்டுவிட்டார்கள். குஞ்சம்மா நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய், லயத்துச் சனம் அத்தனையும் பார்க்க, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். என் புருஷன் வாய் திறந்து யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் கண் அவிந்துபோகட்டும் என்றாள். கூட்டத்தில் நின்ற ஜெயமணி தாலி இல்லாத கழுத்தோடு அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அதுவரை இருவரும் அக்கா, தங்கை என்று அழைத்துக்கொண்டு ஒரே குழாயடியில் துணி துவைத்தவர்கள்.

இப்போது புரிகிறதா, அந்த விரல் ஏன் இரண்டாம் தடவை முங்கியது என்று?

குஞ்சம்மா கேட்டைத் தாண்டியதும் முதல் மரத்தடியில் சொம்பைக் கவிழ்த்துவிடுவாள். எட்டு மணி நேரம் தண்ணீர் பல்லில் படாது. ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமே என்றால், ஓடைப் பக்கம் போகிறவளைக் காட்டுக்காரர்களைப் பார்க்கப் போனாள் என்று எழுதிவிடுவார்கள். பத்தாம் நாள் ரப்பர் பால் வாளியோடு மயங்கி விழுந்தாள். பால் எல்லாம் சரிவில் ஓடியது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நல்லமுத்து வந்து, விழுந்து கிடந்தவளைத் தூக்காமல், இன்றைக்கு அரைப் பேர்தான் போடுவேன், அரைநாள் கூலிதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதே கிராணிதான் அந்த வாரக் கடைசியில் ஆபீஸ் ஜன்னலுக்கு அவளைக் கூப்பிட்டனுப்பினார். கையில் ஒரு கடிதம் இருந்தது.

"ஒம் புருசன் கேஸ விசாரிக்கக் கமிட்டி உக்காருதாம். மூணு மாசம் கழிச்சு, பதினேழாந் தேதி, வெள்ளிக்கெழம."

"விட்டுருவாங்களா ஐயா?"

"அத நீதான் சொல்லணும். வீட்டு ஆளுங்க நடத்த எப்படின்னு தோட்டத்துல அறிக்க கேட்டிருக்கான். இதுவரைக்கும் ஒம் மேல ஒண்ணுமில்ல. கேட்டுல ஒரு கேஸு, ஒரே ஒரு கேஸு விழுந்துச்சுன்னு வையி, பொஞ்சாதி சாமான் கடத்துறா, புருசனும் காட்டுக்காரன் ஆளுதான்னு முடிச்சிருவான். அப்பறம் கப்பல்தான்."

"எந்தக் கப்பலு?"

"இந்தியாவுக்குப் போற கப்பலு. நீயும் கூடப் போவ வேண்டியதுதான்."

குஞ்சம்மா பிறந்தது மலாயாவிலேயே, ஜாசினுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். இந்தியா என்றால் நாட்காட்டியில் பார்த்த படம். போனால் வாசலில் நின்று வா என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. கேட்டில் கேஸ் எழுத வைக்கக்கூடிய வாய் ஒன்றே ஒன்று, அது யார் வாய் என்று கிராணி சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இனி அந்த விரலைக் கண்டு சண்டை போடவும் முடியாது. தட்டிவிட்டால் தடுத்தாள் என்று கேஸ். ஊற்றிவிட்டால் மயங்கி விழ வேண்டியது. ஆகவே அந்த விரல் நுழைய முடியாத ஒரு பாத்திரம் வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். சட்டத்துக்கும் குறை இருக்கக்கூடாது, தன் தேத்தண்ணீரும் எச்சிலாகக்கூடாது.

முதலில் எனாமல் கெண்டி ஒன்றைத் தகரக்காரனிடம் கொடுத்து மூடியை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தாள். மூக்கு வழியாக ஊற்றலாம், விரல் போகாது. கேட்டில் நின்ற மலாய்ப் போலீஸ் கோப்ரல் அதைத் தூக்கிக் குலுக்கினான், மூடியைத் திருகினான், திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத சாமான் எதுவும் போகாது என்று சொல்லி முழுவதையும் மண்ணில் கொட்டிவிட்டான். அடுத்து பழுப்பு நிறத்தில் ஒரு பீர் போத்தல். அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இருட்டு என்றான். அதுவும் போயிற்று. மூன்றாவதாக வெள்ளைக் கண்ணாடியில் ஒரு போத்தல் அகப்பட்டது. சந்தோஷமாக அடுப்பிலிருந்து இறக்கிய தேத்தண்ணீரை அதில் ஊற்றினாள். டக்கென்று அடிப்பாகம் தனியாகக் கழன்று விழுந்து, சூடான தேத்தண்ணீர் பாதம் முழுக்கக் கொட்டியது.

மாமியார் முத்தாயி அடுப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எண்ணெய் எடுத்துத் தர எழுந்திருக்கவில்லை.

"எம் மவன் கம்பிக்குள்ள கெடக்கான். ஒனக்குக் குடிக்கிற தண்ணிக்குச் சொகுசு வேணுமாக்கும்."

"அவ எச்சிய நீங்க குடிப்பீங்களா அத்த?"

"எம் மவன் வருவான்னா சாக்கடையக்கூடக் குடிப்பேன். ஒனக்குத்தான் வீம்பு. நீ வந்த நேரந்தான் அவன் உள்ள போனான்."

காலில் கொப்புளத்தோடு குஞ்சம்மா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள். அந்த வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே ஆளுக்காக அழுதார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ் எடுத்துக்கொண்டு புலாவ் செபாங்குக்கு நடந்தாள். ரயில் நிலையத்துக்கு எதிரே சேகரன் என்பவர் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்தார். சிடுமூஞ்சி மனிதர். ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஐஸ் தே விற்பதில் அவர் கடைக்குப் பேர். மரத்தூளில் புதைத்து வைத்த ஐஸ் பாளத்தை உடைத்து, பெரிய கண்ணாடி ஜாடியிலிருந்து செக்கச் செவேலென்று தேத்தண்ணீரை மொண்டு அதன்மேல் ஊற்றிக் கொடுப்பார். குஞ்சம்மா அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னா வேணும்? குடிக்கிறதுன்னா ஒக்காரு. பாக்கறதுன்னா வெளிய நின்னு பாரு."

"ஐயா, இந்தச் சாடி சூட்டுல வெடிக்காதா?"

"சூடா எவன் ஊத்துனான்? பச்சத் தண்ணியில தேத்தூளப் போட்டு மூடி வெச்சா, விடியறதுக்குள்ள தானா எறங்கிரும். கசக்கவும் செய்யாது, கலங்கவும் செய்யாது. அடுப்புல வெச்சுக் கொதிக்க வெக்கிறது அந்நேரமே குடிக்கிறவனுக்கு. ஆறவெச்சுக் குடிக்கிறவனுக்கு இதுதான்."

"பித்தளச் சொம்புல வெக்கலாமா?"

"வெய்யி. களிம்பேறி வாந்தி எடு. அலுமினியத்துல வெச்சா ஒரு மாதிரி நாறும். எனாமல்ல சின்னதா ஒரு எடத்துல பேந்திருந்தாலும் துருப்புடிச்சுத் தேத்தண்ணி மையாட்டம் கறுத்துரும். கண்ணாடிதான் எதையும் ஒட்டிக்காது. போதுமா? எடத்தக் காலி பண்ணு, ரயிலு வந்துரும்."

அவள் போகவில்லை. கடைக்குப் பின்னால் காலிப் போத்தல்கள் அடுக்கிய பெட்டியைக் காட்டி, அதில் ஒன்று வேண்டும் என்றாள். சேகரன் முணுமுணுத்துக்கொண்டே, எடுத்துத் தொலை என்றார். குஞ்சம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவசரப்படவில்லை. பச்சை நிறத்தை ஒதுக்கினாள். கழுத்தில் கீறல் இருந்ததை ஒதுக்கினாள். சோயா ஊற்றிய வாடை போகாததை ஒதுக்கினாள். ஒவ்வொன்றிலும் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தாள். விரல் நுழைந்தது எல்லாம் திரும்பப் பெட்டிக்கே போயிற்று. கடைசியில் ரோஸ் சிராப் ஊற்றி வரும் வெள்ளைப் போத்தல் ஒன்று கிடைத்தது. அகலமான வயிறு, நீண்டு ஒடுங்கிய கழுத்து, வெயிலில் பிடித்தால் மறுபக்கத்து ரயில் தண்டவாளம் தெரிந்தது. சுண்டுவிரல் நகத்தோடு நின்றுவிட்டது. இந்த ஒரு நிமிஷத்துக்காக போக வரப் பத்து மைல் நடப்பதும் தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கேட்டை ஒட்டியிருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சோதனை அதற்குள்தான் நடக்கும், கோப்ரல் வெளியே நின்றபடி, ஒவ்வொருத்திக்கும் "மானிஸ் கா?" என்று கேட்பான். இனிக்கிறதா என்று அர்த்தம். ஜெயமணி உள்ளேயிருந்து "கோசோங்" என்று குரல் கொடுத்தால் விட்டுவிடுவான். குஞ்சம்மா போத்தலை நீட்டினாள். ஜெயமணி மூடியைக் கழற்றி, பழக்கத்தில் விரலைக் கொண்டுபோனாள். விரல் போகவில்லை. சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள். அதுவும் போகவில்லை.

"கைய ஏந்து, ஊத்துறேன்," என்றாள் குஞ்சம்மா. "நக்கிப் பாத்துக்க. ஒன் கையி, ஒன் நாக்கு."

வரிசையில் பின்னால் நின்ற இருசம்மாள் களுக்கென்று சிரித்தாள். கமலவேணியும் சேர்ந்துகொண்டாள். ஜெயமணியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் சட்டப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. கையை ஏந்தினாள். குஞ்சம்மா போத்தலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து ஊற்றினாள், தெறித்துத் திரும்பப் படாதபடி.

அன்றைக்குப் பத்து மணிக்கு, பால் கோப்பைகளைத் துடைத்து வைத்துவிட்டு, மரத்தடியில் ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த போத்தலை எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். ஐஸ் இல்லாமலே சில்லென்று இறங்கியது. சேகரன் சொன்னது பொய்யில்லை, கசப்பே இல்லை. யாருடைய எச்சிலும் படாத தேத்தண்ணீர். குஞ்சம்மா மரத்தில் சாய்ந்துகொண்டு, தன்னை மறந்து சிரித்தாள்.

ஒரு மாதத்துக்குள் வரிசையில் பாதிப் பெண்கள் கையில் வெள்ளைப் போத்தல். ஜெயமணிக்கு இது ஊரே சேர்ந்து காறித் துப்பின மாதிரி இருந்தது. விரல் இழந்த அதிகாரத்தை வேறு விதத்தில் மீட்டுக்கொண்டாள். குஞ்சம்மாவை மட்டும் கொண்டையை அவிழ்த்து உதறச் சொன்னாள். சேலைக் கொசுவத்தை இரண்டு தடவை பிரிக்கச் சொன்னாள். மழை நாளில் தலைத்துணியைப் பிழிந்து காட்டச் சொன்னாள். குஞ்சம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தாள். நாட்களை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு வேறு வழி?

ஒருநாள் கையிலிருந்த தேத்தண்ணீரை நக்கிவிட்டு ஜெயமணி மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு நாளு இனிக்கும்டி. எம் புருசன் ரத்தம் சும்மா விடாது. அன்னைக்கு இருக்கு ஒனக்கு."

"இனிக்காது. நான் ஒன்ன மாரி திருட்டுப் புத்திக்காரி இல்ல."

"யாரு வூட்டுத் திருட்டுப் புத்தின்னு மூங்கில் வளைவுல போயிக் கேளு."

குஞ்சம்மா அன்று வீடு திரும்பியதும், சீனி டின்னை மாமியார் படுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். போத்தலை எதிர்ப்பக்கம், தன் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். தவறிக்கூட இரண்டும் கிட்ட வரக்கூடாது.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. அன்று வேலைக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். வராத நாளுக்கும் காரணம் எழுதுவார்கள் என்று பயந்து கிளம்பினாள். எழுந்து, குளித்து, ஈரத் தலையோடு சாமி விளக்கின் முன்னே ஒரு நிமிஷம் நின்றாள். அதிசயமாக மாமியார் போத்தலை எடுத்து, மூடியை இறுக்கி, வாசலில் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுக்கும் இன்று மனசு இளகியிருக்கிறது என்று குஞ்சம்மா நினைத்துக்கொண்டாள். போத்தலில் தேத்தூள் அடியில் திட்டாகப் படிந்திருந்தது, மேலே தேத்தண்ணீர் தெளிவாக இருந்தது.

கொட்டகையில் ஜெயமணி கையை ஏந்தினாள். குஞ்சம்மா ஊற்றினாள். ஜெயமணி நக்கினாள். நாக்கை உள்ளே இழுத்தவள் அப்படியே நின்றாள். மறுபடியும் உள்ளங்கையை நக்கினாள். பிறகு நிமிர்ந்து குஞ்சம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதமாக அவள் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. பாத்திரத்தையும் கொண்டையையும்தான் பார்த்திருக்கிறாள்.

"மானிஸ் கா?" என்றான் கோப்ரல் வெளியிலிருந்து.

கோப்ரல் மறுபடியும் கேட்டான். காலடி கொட்டகைப் பக்கம் வந்தது.

"கோசோங்," என்றாள் ஜெயமணி.

காலடி நின்றது. ஜெயமணி கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

"போனதும் மொத வேலையா குடிச்சித் தீத்துட்டு, போத்தல நல்லாக் கழுவிட்டு வா."

"எம் போத்தலக் கழுவ எனக்குத் தெரியும். நீ மொதல்ல ஒன் கையக் கழுவு."

என்ன திமிர் இவளுக்கு, இன்றைக்குக்கூட அதிகாரம் பண்ணுகிறாள் என்று கறுவிக்கொண்டே குஞ்சம்மா நடந்தாள். பத்து மணிக்கு மரத்தடியில் போத்தலைத் தூக்கி வாயில் ஊற்றினாள். தொண்டையில் இறங்கிய தேத்தண்ணீர் இனித்தது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு வாய் ஊற்றினாள். தித்திப்பு, சந்தேகமே இல்லாத தித்திப்பு. போத்தலைக் குலுக்கி அடியிலிருந்த தேத்தூளைக் கையில் கொட்டினாள். தூளோடு பாதி கரைந்த கல்கண்டுத் துண்டுகளும், கல்கண்டைக் கோத்து வரும் நூலும், அதில் ஒட்டிய குங்குமமும் வந்தன. முதல் நாள் சாயங்காலம் மாமியார் கோயிலில் காளிமுத்து பேருக்கு அர்ச்சனை பண்ணி வாங்கி வந்த கல்கண்டு அது.

சீனி டின்னை ஒதுக்கி வைத்தவளுக்குச் சாமித்தட்டு ஞாபகம் வரவில்லை. நல்ல காரியம் நடக்கிற நாளில் வாய் இனிக்க வேண்டும் என்று ஒருத்தி பிரசாதத்தைப் போட்டிருக்கிறாள். அந்தப் பிரசாதம் அவள் பெற்ற பிள்ளையையே கப்பலில் ஏற்றியிருக்கும். அதை நினைக்க நினைக்கக் குஞ்சம்மாவுக்கு மாமியார் மேல் வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. அதைவிடப் பெரிய எரிச்சல் வேறொன்று. தன்னைக் காப்பாற்றியவள் ஜெயமணி. போயும் போயும் அவளா?

நூலை மண்ணில் புதைத்தாள். மீதியைக் கொட்டி, ஓடை மணலைப் போட்டுக் குலுக்கி, மூன்று தடவை கழுவினாள். யார் பார்த்தால் என்ன எழுதுவார்கள் என்று யோசிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இரண்டு மணிக்குக் கடைசி ஆளாகக் கொட்டகைக்குள் போனாள்.

"ஏன் சொல்லல?"

"எத?"

"வெளயாடாத. இனிச்சுச்சு. ஒனக்குத் தெரிஞ்சுச்சு."

ஜெயமணி வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசினாள்.

"ஒம் மேல எரக்கப்பட்டேன்னு மட்டும் நெனச்சிக்காத. நீ நாசமாப் போனா எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வராது."

"பின்ன எதுக்கு?"

"ஒம் புருசன் வரணும்லா. கப்பல்ல ஏத்திட்டான்னா நான் யாரப் போயிக் கேக்கறது? கடலுக்கு அந்தப் பக்கம் போயிட்டான்னா அவன் ஜெயிச்சான். வரட்டும். இந்தக் கேட்டுல வந்து நிக்கட்டும். எம் மூஞ்சப் பாத்துப் பதிலு சொல்லட்டும். அதுக்குத்தான் சொன்னேன் கோசோங்னு."

"வருவாரு. வந்து சொல்லுவாரு. அவரு மேல தப்பு இல்லன்னு நீ ஒங் காதால கேப்ப."

"பாப்போம்."

குஞ்சம்மா வீட்டில் மாமியாரிடம் கத்தினாள். முத்தாயி அசரவில்லை.

"எம் மவனுக்காகப் போட்டேன். ஒனக்கா போட்டேன்? புருசன் நல்ல காரியத்துக்குப் போறப்ப பொஞ்சாதி வாயி கசக்கக் கூடாது. எங்க வூட்டு வழக்கம் அது. கேட்டுல என்னா செய்வாங்கன்னு எனக்கு என்னா தெரியும்?"

தெரியாதாம். ஊருக்கே தெரிந்தது பெற்றவளுக்குத் தெரியாதாம். குஞ்சம்மா அன்று அடுப்பைத் தனியாகப் பிரித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து நல்லமுத்துக் கிராணி ஜன்னலிலிருந்தே கூப்பிட்டுச் சொன்னார், விட்டுவிட்டார்கள் என்று. குஞ்சம்மா புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் பகல் வண்டிக்குக் காத்திருந்தாள். இறங்கி வந்த காளிமுத்து பாதியாக இளைத்திருந்தான், தலையை ஒட்ட வெட்டியிருந்தான். அவன் துணி மூட்டையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். ஐந்து மைலும் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். எச்சில் விரலையும், உடைந்த போத்தலையும், கல்கண்டையும் சொன்னாள். அவன் உம் கொட்டினான். மூங்கில் வளைவில் மட்டும் பாதையின் அந்த ஓரத்துக்குப் போய் வேகமாக நடந்தான். அவன் திரும்பி வந்ததே அவளுக்குப் பெருமையாக இருந்தது. இவனை இன்று எல்லார் எதிரிலும் கூட்டிக்கொண்டு கேட்டுக்குள் நுழைய வேண்டும், ஜெயமணி மூக்கறுபட்டு நிற்க வேண்டும், இந்த ஒரு நினைப்பில் கால் வலியே தெரியவில்லை.

கேட்டில் கோப்ரல் காளிமுத்துவின் காகிதங்களைப் பார்த்தான். ஜெயமணி கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். சத்தம் போடவில்லை.

"எங்க வூட்டுக்காரரு போன லோரி எத்தன மணிக்குப் பொறப்படும்னு யாருக்குச் சொன்ன?"

காளிமுத்து தலையைக் குனிந்தான்.

"சொல்லுங்க," என்றாள் குஞ்சம்மா. "யாருக்கும் சொல்லலன்னு சொல்லுங்க. இதுக்குத்தான் இத்தன நாளு காத்துக்கிட்டு இருந்தா. நல்லாக் கேக்கட்டும்."

காளிமுத்து தலை நிமிராமலே சொன்னான்.

"ஓடைக்கிட்ட ரெண்டு பேரு புடிச்சிக்கிட்டானுங்க. கழுத்துல கத்திய வெச்சி மணி கேட்டானுங்க. பயந்துட்டேன். சொல்லிட்டேன். அன்னைக்கு நீ ஏறாதேன்னானுங்க. சுடுவானுங்கன்னு எனக்குத் தெரியாது."

"எங்கிட்ட சொல்லலையே," என்றாள் குஞ்சம்மா. "நான் கேட்டேனே."

கோப்ரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மூன்று பேர் முகத்தையும் பார்த்தவன் காகிதத்தை மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவன் என்ன சொல்கிறான் என்று மலாயில் கேட்டான். ஜெயமணியைப் பார்த்துத்தான் கேட்டான்.

ஜெயமணி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னேன்," என்றாள் குஞ்சம்மாவிடம். "இன்னைக்கு நீ சொல்லு."

ஒரு வார்த்தை போதும். அதே வண்டியில் திருப்பி ஏற்றிவிடுவார்கள். குஞ்சம்மா புருஷனைப் பார்த்தாள். பிறகு ஜெயமணியின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். அங்கே நின்று அழக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று தோன்றியது.

"ஒன்றும் இல்லை துவான், நடந்து வந்த களைப்பு என்கிறார்," என்று மலாயில் சொன்னாள்.

கோப்ரல் காகிதத்தை மடித்துக் கொடுத்தான். ஜெயமணி கொட்டகைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். குஞ்சம்மா தலையிலிருந்த மூட்டையை இறக்கிக் காளிமுத்துவின் காலடியில் வைத்தாள். கட்டின நாள் முதல் அவனை நீங்க என்று தவிர வேறு விதமாக அவள் கூப்பிட்டதில்லை.

"இந்தா. ஒன் மூட்டைய நீயே தூக்கிக்க."